பூமியின் படத்தில் காற்று எங்கே இருக்கிறது?

முழுப் பூமியும் தெரியும் செயற்கைக்கோள் படம் ஒன்றைப் போனில் திறந்து, பூமியின் வட்டம் 1000 பிக்சல் அகலம் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். பூமியின் விட்டம் 12,742 கி.மீ. ஆக, ஒரு பிக்சல் ஏறக்குறைய 12.7 கி.மீ. எவரெஸ்டின் 8.85 கி.மீ. உயரம் ஒரே பிக்சலுக்குள் அடங்கிவிடும். காற்றின் மொத்த எடையில் பாதி, கடல்மட்டத்திலிருந்து 5.5 கி.மீ.க்குள் இருக்கிறது. அது அரைப் பிக்சல்கூட இல்லை. மழையும் இடியும் புயலும் நடக்கிற கீழடுக்கு, நம் ஊர் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் 16, 17 கி.மீ. வரை போகும், துருவங்களில் 8 கி.மீ. அளவோடு நின்றுவிடும். எப்படிப் பார்த்தாலும் ஒன்றரைப் பிக்சலைத் தாண்டாது. விண்வெளியின் தொடக்கம் என்று வழக்கத்தில் சொல்லப்படும் 100 கி.மீ. எல்லை வரை போனாலும் எட்டுப் பிக்சல்தான் வரும். அந்த எட்டில் மேலே உள்ள ஐந்து பிக்சல்களில் இருப்பது மொத்தக் காற்றில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் ஒரு சோதனையை உடனே செய்யலாம். பூமியைச் சுற்றிக் கட்டை விரல் தடிமனில் நீல ஒளிவட்டம் தெரிந்தால், அது கணினியில் தீட்டியது. தொலைவிலிருந்து எடுத்த உண்மைப் படங்களில் ஓரம் லேசாக மங்கி, மெல்லிய நீலம் காட்டி, சட்டென்று கறுப்பில் முடிந்துவிடும்.

முழுப் பூமியை ஒரே 'கிளிக்'கில் எடுக்க வெகுதூரம் போக வேண்டும். அப்போலோ 17 வீரர்கள் 1972 டிசம்பர் 7 அன்று எடுத்த புகழ்பெற்ற படம் சுமார் 29,000 கி.மீ. தொலைவிலிருந்து எடுத்தது. அதன் மேல் வலது ஓரத்தில் தெரியும் மேகச் சுழல், இரண்டு நாள் முன்பு கடலூர் பக்கம் கரையேறிய புயலுடையது. இன்சாட் வகை வானிலைக் கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கி.மீ. உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால் ஒரே பக்கத்தை எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கும். 2015இல் ஏவப்பட்ட டிஸ்கவர் கோளில் உள்ள எபிக் கேமரா சுமார் 15 லட்சம் கி.மீ. தள்ளி நின்று பூமியின் பகல் பக்கத்தை எடுத்து வந்திருக்கிறது. டெர்ரா போன்ற கோள்களோ சுமார் 700 கி.மீ. உயரத்தில் பறப்பவை. டெர்ராவின் மோடிஸ் கருவிக்கு ஒரு நேரத்தில் 2,330 கி.மீ. அகலப் பட்டை மட்டுமே தெரியும். ஆகவே மோடிஸ் தரவில் வந்த முழுப் பூமிப் படம் எதுவானாலும் பட்டை பட்டையாக எடுத்து ஒட்டியது. ஒட்டுவதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் ஒட்டிய படத்தில் சென்னை மேகமும் துபாய் மேகமும் ஒரே நேரத்தில் இருந்தவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு செய்தி பலருக்கும் வியப்பாக இருக்கும். 'இயற்கை வண்ணம்' என்று வெளியாகும் பெரும்பாலான படங்களில் காற்றின் தடயத்தை வேண்டுமென்றே கழித்துவிடுகிறார்கள். காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறடிக்கும். கீழேயிருந்து பார்த்தால் அதுதான் நீல வானம். மேலேயிருந்து பார்த்தால் அதே நீலம் ஒரு மங்கல் படலமாக நிலத்தை மூடும். காடும் வயலும் வெளிறிப்போகும். எனவே மூலக்கூறுச் சிதறல் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டு அதை நீக்கிவிடுகிறார்கள். நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் 'கரெக்டட் ரிஃப்ளெக்டன்ஸ்' என்ற பெயரில் இருப்பது அப்படி நீக்கிய படம். நிலத்தைப் பார்க்கிறவருக்குக் காற்று ஒரு இடைஞ்சல். காற்றையே பார்க்க வேண்டும் என்றால் வேறு வழி தேட வேண்டும்.

வழிகள் இரண்டு. ஒன்று, ஓரமாகப் பார்ப்பது. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நேர் கீழே பார்க்கும் பார்வை கடக்கும் காற்றை எல்லாம் தரைமட்ட அடர்த்திக்கு அமுக்கினால் 8 கி.மீ. நீளம்தான் வரும். அடிவானத்தை உரசிக்கொண்டு போகும் பார்வையோ, அதே கணக்கில் 560 கி.மீ.க்கு மேல், அதாவது 70 மடங்கு காற்றைக் கடக்கிறது. அதனால்தான் கீழே கண்ணுக்கே படாத காற்று ஓரத்தில் மட்டும் அடுக்கடுக்காகத் தெரிகிறது. சூரியன் மறையும் தருணத்துப் படங்களில் அடியில் ஆரஞ்சு நிறப் பட்டையாக இருப்பது தூசும் மேகமும் நிறைந்த கீழடுக்கு. அதற்கு மேலே வெளிறி, பிறகு நீலமாவது மீளடுக்கு (ஸ்ட்ராட்டோஸ்பியர்), அதாவது கீழடுக்குக்கு அடுத்த அடுக்கு. ஆரஞ்சு சட்டென்று முடியும் கோடு இரண்டுக்கும் இடையிலான எல்லை. பெரிய இடிமேகங்கள் மேலே முட்டி, தலை தட்டையாகிப் பக்கவாட்டில் பரவுவது அந்த எல்லையில்தான்.

இரண்டாவது வழி, காணாமல் போன நிறத்தைத் தேடுவது. ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய சில அலைநீளங்களை மட்டும் விழுங்கும். ஆக்சிஜன் 764 நானோமீட்டர் ஒளியை விழுங்கும். பக்கத்திலேயே உள்ள 780ஐத் தொடாது. எபிக் கேமராவில் இந்த இரண்டுக்கும் தனித்தனி வடிகட்டிகள் உண்டு. உயரமான மேகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி குறைந்த காற்றையே கடந்திருக்கும், ஆகவே 764இல் அதிகம் இழந்திருக்காது. தாழ்வான மேகத்திலிருந்து திரும்பும் ஒளி அடர்ந்த காற்றில் போய் வந்ததால் நிறைய இழந்திருக்கும். இரண்டு படங்களின் பிரகாசத்தையும் வகுத்தால் மேகத்தின் உயரம் கிடைத்துவிடும். வாயுக்களை அளக்கும் கருவிகள் ஏறக்குறைய எல்லாமே இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன: விழுங்கப்படும் அலைநீளம் ஒன்று, விழுங்கப்படாதது ஒன்று, இரண்டுக்கும் உள்ள விகிதம்.

இப்படி அளப்பது ஒரு புள்ளியில் உள்ள காற்றை அல்ல. தரையிலிருந்து விண்வெளி வரை நிற்கும் ஒரு காற்றுத் தூணில் அந்த வாயு மொத்தம் எவ்வளவு என்பதைத்தான். தூணில் உள்ள வாயுவை மட்டும் பிரித்தெடுத்துத் தரைமட்ட அழுத்தத்தில் தரைமேல் பரப்பினால் எவ்வளவு தடிமன் வரும் என்று யோசிப்பது எளிது. முழுக் காற்றும் அப்படி 8 கி.மீ. வரும். கார்பன் டை ஆக்சைடு இன்று 3.4 மீட்டர் வரும்; அளவீடு தொடங்கிய 1958இல் அது இரண்டரை மீட்டர். மீத்தேன் ஒன்றரை சென்டிமீட்டர். நீராவியை மட்டும் திரவமாக்கிச் சொல்வது வழக்கம்: உலகச் சராசரி சுமார் 25 மி.மீ. தண்ணீர். ஓசோன் 3 மி.மீ. வாகனப் புகையும் அனல்மின் நிலையப் புகையும் கக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு, மாசு மிகுந்த நகரத்தின் மேலேகூட 3, 4 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு. அதையும் 824 கி.மீ. உயரத்திலிருந்து ட்ரோபோமி கருவி தினமும் அளக்கிறது.

காற்று மெல்லியது என்பதைவிட இந்தப் பட்டியல்தான் முக்கியம். 99 சதவீதக் காற்று நைட்ரஜனும் ஆக்சிஜனும். வெப்பத்தைப் பிடித்து வைப்பதிலோ புற ஊதாவைத் தடுப்பதிலோ பெரும் பங்கு மிச்சமிருக்கும் துளியூண்டு வாயுக்களுடையது. 8 கி.மீ. காற்றை மனிதனால் அசைக்க முடியாது என்று தோன்றலாம். ஆனால் 3 மி.மீ. ஓசோனை அசைக்க முடிந்தது.

ஓசோன் ஓட்டை என்ற பாடம்

ஓசோன் 312 நானோமீட்டர் அருகே உள்ள புற ஊதாவை நன்றாக விழுங்கும். 360 அருகே அநேகமாக விழுங்காது. 1978இல் ஏவப்பட்ட, நாசாவின் நிம்பஸ்-7 கோளின் டாம்ஸ் கருவி, பூமியிலிருந்து சிதறித் திரும்பும் புற ஊதாவை இப்படி ஆறு அலைநீளங்களில் அளந்தது. விடையை டாப்சன் அலகில் சொல்வார்கள்: 100 அலகு என்றால் 1 மி.மீ. தடிமன். 300 என்பது சாதாரண நாள். 220க்குக் கீழே போனால் அந்தப் பரப்பை 'ஓட்டை' என்று கணக்கில் சேர்ப்பார்கள். ஓட்டை என்றாலும் அங்கே ஓசோன் சுத்தமாக இல்லை என்று பொருளல்ல.

அண்டார்டிகாவில் அக்டோபர் மாத ஓசோன் சரிந்துவிட்டது என்று முதலில் அறிவித்தது செயற்கைக்கோள் அல்ல. ஹாலே ஆய்வு நிலையத்தில் 1957 முதல் தரையிலிருந்தே அளந்துவந்த பிரிட்டிஷ் குழுவைச் சேர்ந்த ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 1985 மே மாதம் அதை வெளியிட்டார்கள். 'நாசாவின் கணினி அந்தக் குறைந்த எண்களைப் பிழை என்று தூக்கி எறிந்துவிட்டது' என்ற கதை இன்றும் உலவுகிறது. அது சரியல்ல. 180 அலகுக்குக் கீழே வந்த எண்களை மென்பொருள் 'சந்தேகத்துக்குரியது' என்று குறியிட்டது, அழிக்கவில்லை. நாசா குழுவினர் அவற்றைப் பார்த்தும் இருந்தார்கள். ஆனால் தென்துருவத் தரைநிலையம் சொன்ன எண் செயற்கைக்கோள் எண்ணோடு ஒத்துப்போகவில்லை. எது தவறு என்று தெரியாமல் நேரம் கடந்தது. அதே 1985இல் நாசா குழுவின் பவன் பார்தியா, டாம்ஸ் தரவில் வரைந்த ஓட்டையின் படத்தை ப்ராக் மாநாட்டில் காட்டினார். ஹாலேயின் எண் ஒரு இடத்தின் சரிவைச் சொன்னது. அது கண்டம் அளவு விரிந்தது என்பதைப் படம் காட்டியது. தரை அளவீடு, செயற்கைக்கோள் இரண்டில் ஒன்றை மட்டும் நம்பி முடிவெடுக்காமல் இருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

காரணம் குளிர்பதனப் பெட்டிகளிலும் ஸ்ப்ரே டப்பாக்களிலும் இருந்த குளோரோஃபுளோரோ கார்பன்கள் (சிஎஃப்சி). கீழே எதோடும் வினைபுரியாத அவை மெதுவாக மேலேறி, மீளடுக்கில் புற ஊதா பட்டு உடைந்து குளோரினை விடுவிக்கும். அண்டார்டிகக் குளிர்காலத்தில் மீளடுக்கு மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே போகும்போது உருவாகும் மேகத் துகள்களின் பரப்பில் அந்தக் குளோரின் வேலைசெய்யும் வடிவுக்கு மாறுகிறது. செப்டம்பரில் சூரியன் திரும்பியதும் அழிப்பு தொடங்குகிறது. ஓட்டை வசந்தகாலத்தில், அதுவும் தெற்கே, பெரிதாகத் தோன்றுவது இதனால்தான். உச்சத்தில் இருந்தபோதும் மீளடுக்கின் குளோரின் அளவு நூறு கோடி மூலக்கூறுகளுக்கு நான்கைத் தாண்டவில்லை. ஒரே குளோரின் அணு திரும்பத் திரும்ப வேலைசெய்வதால் அதுவே போதுமாக இருந்தது. 2000 செப்டம்பரில் ஓட்டையின் பரப்பு 2.9 கோடி சதுர கி.மீ.யைத் தாண்டியது, இந்தியாவைப் போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. 1987 செப்டம்பர் 16 அன்று கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தம் உற்பத்தியைக் கட்டுப்படுத்தியது. ஆனால் சிஎஃப்சி-12 காற்றில் நூறாண்டு அளவு தங்கக்கூடியது. அண்டார்டிக ஓசோன் 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்பது 2022ஆம் ஆண்டின் ஐ.நா. மதிப்பீடு.

எரிமலைகள் இதே கணக்கை வேறு திசையிலிருந்து காட்டுகின்றன. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ சுமார் ஒன்றரைக் கோடி டன் கந்தக டை ஆக்சைடை மீளடுக்குக்குள் செலுத்தியது. காற்றின் மொத்த எடையோடு ஒப்பிட்டால் அது நூறு கோடியில் மூன்று பங்கு. உலகச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய அரை டிகிரி இறங்கியது. 2022 ஜனவரி 15 அன்று டோங்கா அருகே கடலடியில் வெடித்த எரிமலையின் புகைத் தூண் 57 கி.மீ. வரை ஏறியது. வெவ்வேறு கோணத்தில் நின்ற மூன்று வானிலைக் கோள்களின் படங்களில் தூணின் தலை இடம் மாறித் தெரிந்த தூரத்தை வைத்து அந்த உயரத்தைக் கணக்கிட்டார்கள். மீளடுக்கில் ஏற்கெனவே இருந்த நீராவியோடு சுமார் 10 சதவீதத்தை அந்த ஒரு வெடிப்பு கூட்டிவிட்டது.

வானிலைப் படத்தைப் படிப்பது

இன்சாட்-3டி, 3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவிய 3டிஎஸ் ஆகியவற்றின் படக்கருவியில் ஆறு அலைவரிசைகள். அவற்றில் மூன்றைப் புரிந்துகொண்டால் தொடங்குகிறவருக்குப் போதும். படங்கள் இந்திய வானிலைத் துறையின் தளத்திலும், அகமதாபாத்திலிருந்து இயங்கும் மொஸ்டாக் தளத்திலும் கிடைக்கும். முதலில் பார்க்க வேண்டியது மூலையில் உள்ள நேரம். அது பெரும்பாலும் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் இந்திய, இலங்கை நேரம். '0600' என்றால் காலை 11.30.

கண்ணுறு ஒளிப் படம் 1 கி.மீ. நுணுக்கம் உடையது, இரவில் கறுப்பு. வெப்ப அகச்சிவப்புப் படம் இரவும் பகலும் வரும், நுணுக்கம் 4 கி.மீ. இதில் வெள்ளை என்றால் குளிர்ச்சி. உயரம் ஏற ஏற கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பதால் குளிர்ச்சியே உயரத்தைச் சொல்லிவிடும். தரை 28 டிகிரி, மேகத்தின் தலை மைனஸ் 70 என்றால் வித்தியாசம் 98, 6.5ஆல் வகுத்தால் 15 கி.மீ. அது கீழடுக்கின் கூரையை நெருங்கிய இடிமேகம். வெள்ளையாக இருப்பதெல்லாம் மழை தரும் என்று எண்ணுவது வழக்கமான தவறு. மெல்லிய கீற்று மேகமும் உயரத்தில் இருப்பதால் குளிர்ந்து வெள்ளையாகத் தெரியும், ஒரு சொட்டும் பெய்யாது. அதே நேரத்துக் கண்ணுறு படத்தில் அது மங்கலாக, கீழே உள்ள நிலம் தெரியும்படி இருந்தால் கீற்று மேகம். அங்கும் பளீரென்று வெள்ளையாக, மேடு பள்ளத்தோடு இருந்தால் கனத்த மேகம். நேர்மாறான சிக்கல் மூடுபனியில் வரும். தரையோடு ஒட்டியிருப்பதால் தரையின் வெப்பநிலையே அதற்கும். ஒற்றை அகச்சிவப்புப் படத்தில் அது தெரியவே தெரியாது.

மூன்றாவது நீராவி அலைவரிசை. பெயரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். சுமார் 6.8 மைக்ரானில் எடுக்கும் இந்தப் படம் நடு, மேல் உயரங்களில், கிட்டத்தட்ட 5 முதல் 10 கி.மீ.க்குள் உள்ள ஈரத்தையே காட்டும். அதற்குக் கீழிருந்து கிளம்பும் கதிர்வீச்சை இடையில் உள்ள நீராவியே விழுங்கிவிடும். சென்னையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கமான நாளில்கூட நகரத்தின் மேல் படம் கறுப்பாக, 'வறட்சி' என்று காட்டலாம். அந்த ஈரம் முதல் இரண்டு கிலோமீட்டருக்குள் கிடக்கிறது. கறுப்புப் பட்டை புயலின் மையத்தை நோக்கி நுழைவதைக் கண்டால் மட்டும் கவனியுங்கள். அது உலர்காற்று உள்ளே போகிற அடையாளம். புயல் வலுவிழக்க அது ஒரு காரணமாகும்.

எங்கே தவறு நடக்கும்

வரைபடத்தில் வெறுமையாக உள்ள இடம் 'அளவு பூஜ்யம்' அல்ல, 'அளவீடு இல்லை'. ஜூன், ஜூலையில் அண்டார்டிகாவின் ஓசோன் படத்தில் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். அங்கே அப்போது சூரியனே இல்லை. சிதறிய புற ஊதாவை நம்பும் கருவிக்கு அளக்க ஒன்றும் கிடைக்காது. கார்பன் டை ஆக்சைடை அளக்கும் ஓகோ-2 கோளின் அளவீடுகளில் மேகம் குறுக்கிட்டு வீணானவை போக, பயன்படுத்தத் தக்கவையாக மிஞ்சுவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. டெல்லியின் குளிர்காலத்தில் இது இன்னும் மோசம். அடர்ந்த புகைமூட்டத்தைத் தூசுப்படலக் கணிப்பு மென்பொருள் மேகம் என்று எண்ணி ஒதுக்கிவிடுவதுண்டு. மூச்சு முட்டும் நாளில் வரைபடம் காலியாக இருக்கும்.

தூணின் அளவைத் தரையின் அளவு என்று படிப்பது அடுத்த தவறு. 3 கி.மீ. உயரத்தில் மிதந்து போகும் புகை படத்தில் பயங்கரமாகத் தெரியும், கீழே நுண்தூசை அளக்கும் பிஎம் 2.5 கருவி அசையாது. நைட்ரஜன் டை ஆக்சைடு ஓரளவு விதிவிலக்கு. பகலில் சில மணி நேரமே தாங்குவதால் கிளம்பிய இடத்தை விட்டு அது வெகுதூரம் போகாது; சிங்ரௌலி போன்ற அனல்மின் நிலையக் கூட்டங்கள் தனித்தனியாகப் பளிச்சிடும். கந்தக டை ஆக்சைடுக்கான நீண்டகாலச் சராசரி வரைபடத்தில் நெய்வேலியும் அப்படியே தெரிகிறது.

நிறங்களையும் நம்ப வேண்டாம். சிவப்பு, நீலம் எல்லாம் வரைந்தவர் தேர்ந்தெடுத்தவை. இரண்டு தேதிகளை ஒப்பிடும்போது அளவுகோலின் கீழ், மேல் எண்கள் இரண்டிலும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றில் 0 முதல் 10 வரை, மற்றதில் 0 முதல் 20 வரை என்றிருந்தால் ஒப்பீடே செல்லாது. படத்தின் ஓரத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்: மோடிஸின் பட்டை நடுவில் 1 கி.மீ. இருக்கும் பிக்சல், விளிம்பில் குறுக்குவாட்டில் ஐந்து கி.மீ. அளவுக்கு நீண்டுவிடும். கடலில் தெரியும் வெள்ளிப் பளபளப்பு சூரியனின் பிரதிபலிப்பு. அதைத் தூசு என்று படிக்கிறவர்கள் உண்டு. பனியும் மேகமும் ஒரே வெள்ளை என்பதால் இமயமலைப் படங்களில் குழப்பம் வரும். 1.6 மைக்ரான் படத்தைத் திறந்தால் பனி கறுத்துவிடும், நீர்த்துளி மேகம் வெள்ளையாகவே நிற்கும்.

கோள் கடக்கும் நேரம் கடைசிச் சிக்கல், ஆனால் அதன் விளைவு பெரிது. டெர்ராவைப் போலத் தாழப் பறக்கும் கோள்களில் உள்ள விர்ஸ் கருவி 375 மீட்டர் பிக்சலில் தீப்புள்ளிகளைப் பிடிக்கும், ஆனால் பகலில் ஒரு இடத்தைக் கடப்பது உள்ளூர் நேரம் 1.30 மணி வாக்கில். பஞ்சாபில் வைக்கோல் எரிப்பு பிற்பகலின் பின்பகுதிக்குத் தள்ளிப்போனபோது, தீ எண்ணிக்கை குறைந்துவிட்டதாக அந்த வரைபடங்கள் காட்டின. 10 நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கும் தென்கொரிய வானிலைக் கோளின் தரவில்தான் மாலைத் தீ தெரிந்தது. ஆனால் அதன் அகச்சிவப்புப் பிக்சல் 2 கி.மீ.; சின்ன வயல் ஒன்று எரிந்தால் அதற்குள் கரைந்துவிடும். எந்த இடத்தில் எரிந்தது என்று அறிய விர்ஸைப் பாருங்கள், எத்தனை மணிக்கு எரிந்தது என்று அறியத் தென்கொரியக் கோளைப் பாருங்கள்.